அதிபர் கையெழுத்துப் போட்டால் உங்கள் விசா என்ன ஆகும்?

அமெரிக்கத் தேர்தல் நெருங்கினால், விசா விவகாரங்களைப் பார்க்கும் எங்கள் அலுவலகத்துக்கு வரும் முதல் கேள்வி, "இவர் ஜெயித்தால் கிரீன் கார்டு வரிசை நகருமா?" என்பதுதான். நகராது. வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000, அதில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது 1990இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட கணக்கு. கிளின்டன் முதல் டிரம்ப் வரை எந்த அதிபரும் அதை மாற்றவில்லை. ஆனால் எச்-1பி வேலை விசாவின் நீட்டிப்பு சுலபமாகக் கிடைக்குமா, மனைவியின் வேலை அனுமதி இடைவெளி இல்லாமல் தொடருமா, ஊருக்குப் போனால் திரும்ப வர முடியுமா என்பதெல்லாம் வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அதனால் ஒரு செய்தி வந்ததும் நான் முதலில் பார்ப்பது, அது காங்கிரஸ் போட்ட சட்டமா, அரசுத் துறை எழுதிய விதியா, அதிகாரிகளுக்குப் போன மெமோவா, அதிபரின் பிரகடனமா என்பதைத்தான்.

ஓசைப்படாமல் வேலை செய்வது மெமோ. அதே கம்பெனி, அதே வேலை என்றால் முந்தைய ஒப்புதலை மதித்து நீட்டிப்புக் கொடுங்கள் என்று 2004 முதல் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுரை இருந்தது. 2017 அக்டோபரில் டிரம்ப் நிர்வாகம் அதை ரத்து செய்தது. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் இரண்டு முறை ஒப்புதல் வாங்கியவருக்கு மூன்றாம் முறை, கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்எஃப்இ நோட்டீஸ் வந்து நின்றது. இந்த வேலைக்குப் பட்டம் எதற்கு, கிளையன்ட் கடிதம் எங்கே, எந்த வேலைக்கு எத்தனை சதவீத நேரம் போகிறது என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். 2021 ஏப்ரலில் பைடன் நிர்வாகம் பழைய அறிவுரையை மீட்டது. அப்புறம் அதையே விதியாக எழுதி, 2025 ஜனவரி 17இல் அமலாக்கியது. டிரம்ப் மறுபடி பதவியேற்க அப்போது மூன்றே நாள். தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மெமோவை ஒரு சுற்றறிக்கையில் தூக்கிவிடலாம். விதியை நீக்குவதற்கு வரைவு, கருத்துக்கேட்பு, கோர்ட் என்று இழுக்கும். எச்-1பிக்காரரின் கணவன் அல்லது மனைவிக்கான எச்-4 வேலை அனுமதியை நீக்கப்போவதாக 2017இல் சொன்ன டிரம்ப் நிர்வாகம், பதவி முடியும்வரை வரைவைக்கூட வெளியிடவில்லை. அதற்காக விதி என்றால் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. வேலை அனுமதிப் புதுப்பிப்புக்கு இருந்த 540 நாள் தானியங்கி நீட்டிப்பும் விதிதான். கருத்தை முன்கூட்டிக் கேட்காமலே 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிக்கும் பெரும்பாலானோருக்கு அதை நிறுத்திவிட்டார்கள்.

பிரகடனம் இன்னும் வேகமானது. 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 212(எஃப்) பிரிவு, வெளிநாட்டவர் நுழைவதை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தருகிறது. அது எவ்வளவு அகலமானது என்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று உறுதி செய்தது. 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, புதிய எச்-1பிக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்ற பிரகடனம் வந்தபோது சென்னையில் சனி விடிந்துகொண்டிருந்தது. தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்த ஒருவர் மண்டபத்திலிருந்தே கூப்பிட்டார்: "சார், நான் உடனே கிளம்பணுமா?" அமெரிக்கக் கிழக்கு நேரப்படி சனி நள்ளிரவு தாண்டி ஞாயிறு பிறந்ததும் அமல்; எந்த விமானத்தில் ஏறினாலும் கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். ஏற்கெனவே விசா உள்ளவருக்குப் பொருந்துமா என்று பிரகடனத்தில் தெளிவில்லை. பெரிய கம்பெனிகள் உடனே திரும்பி வாருங்கள் என்று மெயில் அனுப்பிவிட்டன. ஊழியருக்காகக் கம்பெனி போடும் விண்ணப்பமான பெட்டிஷன், அதிலும் புதியவற்றுக்கு மட்டும்தான் என்ற விளக்கம் சனிக்கிழமைதான் வந்தது. அதற்குள் பலர் இரட்டை விலைக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள்.

அகதிகள் விஷயத்தில் சட்டமே எண்ணிக்கையை அதிபர் கையில் கொடுத்திருக்கிறது. காங்கிரஸைக் கலந்து பேசி ஆண்டு வரம்பை அவரே வைக்கலாம் என்கிறது 1980ஆம் ஆண்டுச் சட்டம். பைடன் வைத்தது 1,25,000. 2026 நிதியாண்டுக்கு டிரம்ப் வைத்தது 7,500.

வெளிநாட்டு உதவியிலும் இதே ஆட்டம்தான். கருக்கலைப்புக்கு உதவும் வெளிநாட்டு அமைப்புகளுக்குப் பணம் இல்லை என்று 1984இல் ரீகன் கொண்டுவந்த கொள்கையை, அடுத்து வந்த ஜனநாயகக் கட்சி அதிபர்கள் எல்லாரும் நீக்கினார்கள், குடியரசுக் கட்சியினர் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டுக்கு நடந்தது வேறு ரகம். 1961இல் கென்னடி தொடங்கிய அந்த அமைப்புக்கு 1998இல் காங்கிரஸே சட்டப்படி இடம் கொடுத்தது. சென்னையில் 1995 முதல் வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக நடந்த எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்துக்குப் பணம் அங்கிருந்துதான் வந்தது. 2025 ஜனவரி 20இல் 90 நாள் நிறுத்தம் என்று ஆரம்பித்தார்கள். மார்ச்சில் 83 சதவீதத் திட்டங்கள் ரத்து என்றார் வெளியுறவு அமைச்சர் ரூபியோ. ஜூலை 1இல் உதவித் திட்டங்களை நடத்தும் வேலையே அதன் கையைவிட்டுப் போனது. காங்கிரஸ் ஒதுக்கிய பணம்தான், ஆனால் செலவழிக்கும் கை அதிபருடையது. சட்டத்தில் இருக்கிறது, பயமில்லை என்று இப்போதெல்லாம் என்னால் சட்டென்று சொல்ல முடிவதில்லை.

சரி, அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தால், வெள்ளை மாளிகைத் தளத்தில் மூலத்தைத் திறந்து மூன்றைத் தேடுங்கள்: எப்போது அமல், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு மட்டுமா, ஏற்கெனவே போட்ட பெட்டிஷனுக்கும் உண்டா. அந்த 1 லட்சம் டாலர் விஷயத்திலேயே, எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்காவில் இருந்தபடியே எச்-1பிக்கு மாறுபவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அக்டோபரில்தான் தெளிவானது. அப்படி மாற இருப்பவர்கள், பெட்டிஷன் முடிவாகும் முன் ஊருக்கு டிக்கெட் போடுவதாக இருந்தால், முதலில் வக்கீலைக் கூப்பிடுங்கள்.