கழுத்துப் பட்டனும் உறை கழன்ற நரம்பும்

சட்டைப் பட்டன் போடும்போது யாரும் விரலைப் பார்ப்பதில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே பட்டனின் விளிம்பைத் தடவி, ஓட்டையைத் தேடி, சாய்த்து நுழைத்துவிடும். பேசிக்கொண்டே செய்கிற வேலை. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய், சுருக்கமாக எம்.எஸ்., வந்து விரல்நுனி மரத்துப்போன ஒருவருக்கு இதே வேலையைக் கண்தான் செய்தாக வேண்டும். பட்டன் எங்கே, விரல் எங்கே, உள்ளே போனதா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். அதனால்தான் மற்ற பட்டன்களை எப்படியோ போட்டுவிடுகிறவர் கழுத்துப் பட்டனில் மாட்டிக்கொள்கிறார். அது அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கண்ணாடி முன்னால் போய் நின்றால் இடம் வலம் குழம்பும்.

ஒரு பட்டனைப் பற்றி இவ்வளவு தூரம் யோசிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் தொழில்வழி சிகிச்சை என்கிறோம். அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். வேலைக்கே போகாதவருக்கு இது எதற்கு என்று தோன்றும். ஒரு மனிதரின் பொழுதை நிரப்புகிற எல்லாமே இங்கே தொழில்தான்: பல் தேய்ப்பது, சமைப்பது, குழந்தைக்குத் தலை சீவிவிடுவது, அலுவலகக் கணக்கை முடிப்பது. இதற்கான முதல் அமெரிக்கச் சங்கம் 1917-இல் தொடங்கியது. பிசியோதெரபிஸ்ட் காலுக்கு வலுவேற்றப் பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தக் கால் ஈரமான குளியலறைக்குள் என்ன பாடுபடப் போகிறது என்று பார்ப்பார். இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டேதான் போகும், அது வேறு விஷயம்.

எம்.எஸ். நரம்பில் என்ன நடக்கிறது? மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகள் பலவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கிறது. உறைக்கு நடுநடுவே சிறு இடைவெளிகள். மின்குறிப்பு, அதாவது நரம்பின் சிக்னல், ஒரு இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகும். நல்ல தடிமனான உறை உள்ள இழையில் அது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தைக்கூடத் தொடும். உறையே இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் என்ற அளவில்தான் ஊரும். எம்.எஸ்.-இல் உடலின் எதிர்ப்பாற்றலே இந்த உறையைத் தாக்குகிறது. உறை போன இடத்தில் குறிப்பு தாமதப்படும், சிதறும், சில நேரம் அங்கேயே நின்றுவிடும். 1868-இல் பாரிஸில் இந்த நோயை முறையாக விவரித்த ஜான்-மார்ட்டின் ஷார்க்கோ, மூளைத் திசுவில் அங்கங்கே இறுகிப்போன திட்டுகளைப் பார்த்தார். ஸ்க்ளீரோசிஸ் என்றால் இறுகிப்போதல். எந்த இடத்தில் திட்டு விழுகிறதோ அதைப் பொறுத்து ஒருவருக்குப் பார்வை மங்கும், இன்னொருவருக்குக் கை நடுங்கும், மற்றொருவருக்குக் கால் விறைக்கும். இன்றைய மருந்துகள் புதிய தாக்குதல்களை நன்றாகவே குறைக்கின்றன. ஏற்கெனவே போன உறையை அவற்றால் முழுதாக மீட்டுத் தர முடிவதில்லை. ஆகவே தெரபிஸ்ட் நரம்பை விட்டுவிட்டு வேலையை மாற்றுகிறார். நரம்பிடம் அந்த வேலை எவ்வளவு கேட்கிறதோ, அதைக் குறைக்கிறார்.

எம்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோரை வாட்டுவது சோர்வு. வெளியே தெரியாத அறிகுறி இது. நடக்க முடிகிறது, பேச முடிகிறது, அப்புறம் என்ன என்று வீட்டிலேயே கேட்பார்கள். சோம்பேறிப் பட்டம் சுலபமாகக் கிடைக்கும். மூளையைப் படம்பிடித்துப் பார்த்தால் கதை வேறு. ஒரு விரலை அசைக்கிற சாதாரண வேலைக்குக்கூட இவர்களின் மூளை வழக்கத்தைவிடப் பரவலான பகுதிகளை வேலையில் இறக்கிவிடுகிறது. நேர்வழி அடைபட்டதால் சுற்றுவழியில் போகிற வண்டிக்கு எண்ணெய் அதிகம் செலவாகிற மாதிரிதான். சோர்வுக்குக் காரணம் இது ஒன்று மட்டும் இல்லை; தூக்கக் கேடு, மனச்சோர்வு, சில மருந்துகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

முதலில் தெரபிஸ்ட் ஒரு வாரத்துக்கு நாட்குறிப்பு எழுதச் சொல்வார். எந்த மணிக்கு என்ன செய்தீர்கள், அப்போது உடம்பு எப்படி இருந்தது. படித்துப் பார்த்தால் பலரிடமும் ஒரே தவறு தெரியும்: நன்றாக இருக்கிற நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது, அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடப்பது. களைத்த பிறகு ஓய்வெடுக்காமல், களைக்கும் முன்பே எடுக்கப் பழக்குகிறார்கள். கேட்கச் சுலபம். நன்றாக இருக்கும்போது வேலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். இதனாலேயே ஆற்றல் சேமிப்புப் பயிற்சிகளை ஒரே நாளில் சொல்லி அனுப்பாமல், சில இடங்களில் வாரம் ஒன்றாக ஆறு வாரம் குழுவாக நடத்துகிறார்கள். எதை விடலாம், எதை இன்னொருவரிடம் கொடுக்கலாம், எதை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று அங்கே பேசிப் பேசித்தான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

சரி, குளியலுக்கு வருவோம். உடம்பின் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே, உறை கழன்ற இழையில் தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருந்த குறிப்பு நின்றுவிடக்கூடும். 1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடற்பயிற்சிக்குப் பிறகு சிலருக்குப் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார். காரணம் உழைப்பு அல்ல, வெப்பம் என்பது பின்னால்தான் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் சந்தேகப்படும் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே நோயைக் கணித்தார்கள். இன்று நினைத்தால் கொடுமையாக இருக்கிறது. உடம்பு ஆறினால் அறிகுறியும் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் வழுக்கும் தரையில் கால் துவண்டு விழுந்தால் முறிந்த எலும்பு இறங்கிவிடாது.

ஆகவே தெரபிஸ்ட் குளியலைத் துண்டு துண்டாகப் பிரிப்பார். நீர் வெதுவெதுப்போடு நிற்கும். மரத்த விரலை நம்பாமல், உணர்ச்சி சரியாக உள்ள இடத்தாலோ வெப்பமானியாலோ சூட்டைப் பார்க்க வேண்டும். உட்கார ஸ்டூல், சுவரில் கைப்பிடி, கைக்கெட்டும் உயரத்தில் சோப்பு. குளித்து முடித்ததும் துண்டால் துவட்டுவதே ஒரு பெரிய உழைப்பு என்பது நமக்குத் தோன்றாது. துண்டுத் துணியில் தைத்த அங்கியை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

கை நடுக்கத்துக்கு இவ்வளவு எளிய விடை கிடையாது. முழங்கையை மேசையில் ஊன்றினால் ஆடுகிற மூட்டுகளில் ஒன்று குறையும். மூடி போட்ட குவளை சிந்தாது. கனமான கரண்டி சிலருக்கு நடுக்கத்தை அடக்கும், சிலருக்கு அந்தக் கனமே கையைக் களைக்க வைக்கும். போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மறதிக்கும் சிந்தனை மந்தத்துக்கும் தொலைபேசி அலாரமும், ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற கட்டுப்பாடும் பெரும்பாலும் கைகொடுக்கின்றன.

கையின் திறனை அளக்க ஒன்பது குழிப் பலகை உண்டு. ஒன்பது சிறு குச்சிகளை ஒவ்வொன்றாகக் குழியில் செருகி, மறுபடி எடுத்துவிட வேண்டும். நலமாக உள்ளவருக்கு ஏறக்குறைய இருபது நொடி. அந்த நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் கை உண்மையாகவே மோசமாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல அளவுகோல்தான், ஆனால் குச்சி செருகுவது யாருடைய அன்றாட வேலையும் இல்லையே. அதனால் இன்னொரு அளவையும் வைத்திருக்கிறார்கள். சிரமமான வேலைகளை நோயாளியே சொல்வார். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு, அதிகபட்சம் ஐந்தைத் தேர்ந்தெடுப்பார். அந்த ஐந்தையும் இப்போது எப்படிச் செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்பதற்கும் மதிப்பெண் உண்டு. சில வாரம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்பார்கள். கழுத்துப் பட்டன் சிக்கலுக்கு விடை நிறையவே இருக்கிறது: பட்டனை ஓட்டைவழியாக இழுக்கும் பட்டன் கொக்கி, பட்டனுக்குப் பின்னால் தைத்த வெல்க்ரோ, மற்ற பட்டன்களைப் போட்டபடியே தலைவழியாக மாட்டிக்கொள்வது. ஆனால் தெரபிஸ்ட் இதையெல்லாம் எடுத்து வைப்பதற்குள், மாலையில் மகளுக்குக் கதை படித்துக்காட்டத் தெம்பு மிஞ்ச வேண்டும் என்பதற்குப் பத்து போட்டவர், பட்டனுக்கு இரண்டு போட்டுவிட்டு டி-ஷர்ட்டுக்கு மாறியிருக்கலாம்.