பரணியில் படை நடக்கும் ஓசை

சோழ மன்னன் முதல் குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தைத் தாக்குகிறது. அந்தப் போரைச் சயங்கொண்டார், போர் வெற்றியைப் பாடும் பரணி நூலான கலிங்கத்துப்பரணியில் இப்படித் தொடங்குகிறார்:

எடும்எடும் எடுமென எடுத்ததோர் இகல்ஒலி கடல்ஒலி இகக்கவே
விடுவிடு விடுபரி கரிக்குழாம் விடும்விடும் எனுமொலி மிகைக்கவே

ஆயுதத்தை எடுக்கச் சொல்லும் கூச்சல் கடலோசையை மிஞ்சுகிறது. குதிரையையும் யானையையும் ஏவும் சத்தம் மேலும் பெருகுகிறது. பொருள் அவ்வளவுதான். மீதி வேலை முழுவதும் ஓசையுடையது.

சரி, அலகிட்டு, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்துப் பார்ப்போம். மொத்தம் 12 சீர்கள், அத்தனையும் நிரைநிரை, அதாவது இரண்டிரண்டு நிரையசைகள். பேருக்குக்கூட ஒரு நேரசை (தனிக் குறிலோ தனி நெடிலோ தரும் அசை) இல்லை. 'எடும்' இருக்கும் இடத்தில் 'எடுங்கள்' என்று போட்டுப் படியுங்கள். நிரைநேர் ஆகி, ஓட்டம் அங்கேயே தடுக்கிவிடும்.

ஆனால் நிரைநிரைக்குக் கருவிளம் என்று பெயர் சொல்லி நிறுத்திக்கொண்டால் (வகுப்பறையில் பெரும்பாலும் அதோடு மணி அடித்துவிடும்) பாதி விஷயம் தப்பிப்போகும். இரண்டு குறில் சேர்ந்தாலும் நிரைதான், குறிலும் நெடிலும் சேர்ந்தாலும் நிரைதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆகவே வாய்பாடு ஒன்றாக இருந்தாலும் உச்சரிக்கும் நேரம் மாறும். இங்கே மூன்று சீர் கொண்ட ஒவ்வொரு அரையடியிலும் முதல் இரண்டு சீர்களில் நெடிலே இல்லை, நாக்கு ஓடுகிறது. மூன்றாம் சீரில்தான் பிடி: எடுத்ததோர், இகக்கவே, கரிக்குழாம், மிகைக்கவே. நான்கிலும் நடுவில் ஒரு வல்லின இரட்டிப்பு, கடைசியில் ஒரு நெடில். த்த, க்க என்னும்போது மூச்சு ஒரு கணம் அடைபட்டுத் திறக்கிறது. பிறகு நெடில் நீள்கிறது. ஓடு, ஓடு, மிதி. படையின் நடை அங்கேதான் கேட்கிறது.

தொடை வழக்கமானதுதான். எடும், விடு எதுகை; எடும், இகல் மோனை; இரண்டடியும் 'கவே' என்று முடிவதால் இயைபு. அடுக்குத்தொடர் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. எடும், விடு இரண்டும் மும்மூன்று முறை அடுக்கி வருகின்றன. அவை களத்தில் கத்தும் சொற்கள் என்பதால் இசைநிறைக்காக, அதாவது ஓசையை நிரப்ப மட்டும், ஒட்டவைத்ததாகத் தோன்றவில்லை. அந்த அடுக்கால் இரண்டடிக்குள் 'டு' மட்டும் 9 முறை விழுகிறது.

இந்த ஓசையே போரைக் குறிக்கும் என்று சொல்ல மாட்டேன். குறில் ஓட்டமும் வல்லின மிதியும் ஆட்டப் பாட்டுக்கும் பொருந்தும். சயங்கொண்டாரின் கெட்டிக்காரத்தனம், சொல்லை இந்த ஓசை அச்சின் சரியான இடத்தில் வைப்பதில் இருக்கிறது. அடுத்த தாழிசையும் (இதேபோன்ற இரண்டடிப் பாட்டு) இதே அச்சுதான்: 'வெருவர வரிசிலை தெறித்தநாண்'. வில்லின் நாண் தெறிப்பது, மூச்சு அடைபட்டுத் திறக்கும் அதே மூன்றாம் சீரில்.