கிட்னியைக் கெடுப்பது எந்தக் குளிசை?

போன கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் நாங்கள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள்ளால் ஒரு அம்மா ஒரு சொப்பிங் பேக்கைத் தள்ளிவிட்டார். உள்ளே எல்லாம் நாங்கள் கொடுத்த கடதாசிக் கவர்கள். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து அல்லது என்னோடு வேலை செய்பவரின் கையெழுத்து: காலை 1, இரவு 1, சாப்பாட்டோடு. எண்ணிப் பார்த்தேன். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற மெட்போமின், ஏழு மாதத்து அளவு. மாரி ஈரத்தில் சில கவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, குளிசைகள் மஞ்சள் பிடித்துப் போயிருந்தன.

"இவர் ஒண்டும் போடல்ல மனே. கிட்னி பழுதாப் போகுமாம். கூட வேல செய்யிறவங்க சொல்லிட்டாங்களாம்."

கணவர் மேசன். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்திலிருந்து விடியப் பஸ் ஏறி டவுனுக்கு வந்து நாள் கூலிக்கு வேலை செய்கிறவர். வயது ஐம்பது ஆகவில்லை. அன்றைக்கு இரண்டு காலும் வீங்கி வார்டில் படுத்திருந்தார். கிட்னியின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் ரிப்போர்ட் வந்த பிறகுதான் இந்த அம்மா வீட்டு அலுமாரியைத் துழாவியிருக்கிறார்.

பேக்கின் அடியில் இன்னொரு கட்டும் கிடந்தது. ரப்பர் பான்ட் போட்ட வெறும் அட்டைகள், ஒரு குளிசைகூட மிச்சமில்லை. டைக்குளோபெனாக் 50.

"இது என்ன அம்மா?"

"அது உடம்பு நோவுக்கு. வேல முடிஞ்சி வந்து ஒண்டு போட்டாத்தான் படுப்பார்."

கிட்னிக்குப் பயந்து ஒரு குளிசையை அலுமாரியில் வைத்தவர், கிட்னியைத் தின்கிற மற்றக் குளிசையை இரவு தவறாமல் விழுங்கியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். ஒரே ஒருவருடைய கதை என்றால் எழுதவே மாட்டேன். இப்படியான பேக்குகளை எண்ணுவதை விட்டே கொஞ்சக் காலம் ஆகிவிட்டது.

சரி, இந்தக் கிட்னிக் கதையை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள்.

சீனி வருத்தம் வந்து பத்து, பதினைந்து வருடம் அதைக் கவனிக்காமல் விட்டால், இரத்தத்தில் நிற்கிற சீனியே சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கெடுக்கும். பிரஷரும் சேர்ந்தால் இன்னும் வேகம். வடிகட்டும் திறன் குறைந்ததும் டொக்டர் மெட்போமினின் அளவைக் குறைப்பார். அந்தத் திறனைக் காட்டுகிற எண் (eGFR) 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். காரணம், மெட்போமின் உடம்பை விட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. அந்த வழி அடைபட்டால் மருந்து இரத்தத்தில் தேங்கி வேறு ஆபத்தைக் கொண்டுவரும். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது கடைசிக் காட்சியை மட்டும்: "வருசக்கணக்கா குளிச போட்டார், கிட்னி போச்சு, டொக்டரே குளிசய நிப்பாட்டிட்டார்." வீட்டுக் கானில் மண் அடைத்தால் குழாயைக் கொஞ்சம் பூட்டி வைப்போம். அதற்காகக் கானை அடைத்தது குழாய்தான் என்று யாராவது சொல்வோமா? இந்தக் கதையில் மட்டும் ஊரே அப்படித்தான் சொல்கிறது.

1957இலிருந்து மனிதருக்குக் கொடுத்துவரும் மருந்து இது. அதன் ஆரம்பமே ஒரு ஐரோப்பியச் செடிதான். "இங்கிலீஷ் மருந்து சூடு" என்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். சிலர் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நோயை உதாரணம் காட்டுவார்கள். 1990களிலிருந்து அங்கே வயல் செய்கிறவர்களை வாட்டுகிற அந்தச் சிறுநீரக நோய் உண்மையானது, அந்தப் பயமும் நியாயமானது. ஆனால் அது சீனியும் பிரஷரும் இல்லாதவர்களுக்கே வருகிற நோய். மெட்போமின் ஒன்றையுமே வாழ்நாளில் கண்டிராதவர்களுக்கு வருகிற நோயை மெட்போமினின் தலையில் கட்டுவது எப்படி?

இத்தனையையும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வார்டுக்குப் போனேன், அவருக்கு ஒரு பிரசங்கம் வைக்கலாம் என்று. அவர் மெதுவாகச் சொன்னது வேறு. முதல் கிழமை குளிசை போட்டதும் வயிறு கலக்கியதாம். வேலை நடக்கிற இடத்தில் கக்கூஸ் இல்லை. இரண்டு தரம் பக்கத்து வளவுக்கு ஓடியிருக்கிறார், பொடியன்கள் சிரித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் குளிசையை விட்டார். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் கக்கூஸ் கதையைச் சொல்ல வெட்கம், கிட்னிக் கதை கைவசம் இருந்தது.

எனக்குப் பிரசங்கம் மறந்துவிட்டது. ஏழு மாதமும் கவரைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வேலை எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வயிறு கலக்குவது மெட்போமினில் சாதாரணம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று கிழமையில் அடங்கிவிடும். குறைந்த அளவில் தொடங்கலாம், சாப்பாட்டுக்கு நடுவில் போடலாம், முதலில் இரவில் மட்டும் கொடுத்துப் பழக்கலாம். மெதுவாகக் கரைகிற வகையும் இருக்கிறது. வேலைக்கு ஏற்ற மாதிரி மருந்தைத் திருப்ப எத்தனையோ வழி உண்டு. ஆனால் வேலை என்ன என்று தெரியாமல் டொக்டரும் திருப்ப முடியாது, நானும் திருப்ப முடியாது.

இனி அந்த நோக் குளிசை. டைக்குளோபெனாக், இபுபுரோபன், மெபனமிக் அசிட் எல்லாம் ஒரே குடும்பம். சுகதேகி ஒருவர் பல்லு வலிக்கு இரண்டு நாள் போட்டால் பெரிய விஷயமில்லை. சீனி, பிரஷர் உள்ள ஒருவர், லொசாட்டன் அல்லது எனலாப்ரில் என்கிற பிரஷர் குளிசை போடுகிற ஒருவர், அதோடு சலம் போக்கும் குளிசையும் எடுக்கிற ஒருவர், சித்திரை வெயிலில் தட்டுக் கொங்கிறீட் போட்டுவிட்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், இரவில் டைக்குளோபெனாக் போட்டால் ஒரே கிழமையில் கிட்னி நின்றுபோகலாம். மருந்தாளர்கள் கனவிலும் பயப்படுகிற கூட்டணி இது. லொசாட்டன் தனியே கிட்னியைக் காப்பாற்றுகிற மருந்து, தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்! கழற்றி விட வேண்டியது நோக் குளிசையை.

நோவு பொய் என்று நான் சொல்லவில்லை. வட்டையில் நாள் முழுக்கக் குனிந்து நின்றவருக்கும், சீமெந்துப் பேக் தூக்கியவருக்கும் அது நோகத்தான் செய்யும். பனடோல் 500 இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள், ஈரலில் பிரச்சினை உள்ளவர்கள் அதற்கும் குறைவு, கேட்டுவிட்டுப் போடுங்கள். தனியார் பார்மசிகளில் நிற்கிற என் சகாக்களிடமும் ஒரு வார்த்தை: "நோக் குளிச ரெண்டு தாங்க" என்று வருகிறவரிடம் "சீனி இருக்கா, பிரஷர் இருக்கா" என்று கேட்க ஐந்து செக்கன் போதும். பலசரக்குக் கடைக்காரர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

வேலைக்காரருக்கு இன்னொரு ஆபத்து சீனி இறங்குவது. மெட்போமின் தனியே அப்படி இறக்குவது அரிது. கிளிக்ளசைட், டொல்பியூட்டமைட் என்கிற மற்றச் சீனிக் குளிசைகளும் இன்சுலினும் இறக்கும். காலையில் அதைப் போட்டுவிட்டு, பிளேன்டீயோடு வேலைக்கு ஏறி, பதினொரு மணிவரை வயிறு காய்ந்தால் கட்டடச் சாரத்தில் நிற்கும்போதே கை நடுங்கி, வேர்த்து, கண் இருளும். சாப்பாடு நிச்சயமில்லாத நாளில் சாப்பாடு கைக்கு வந்த பிறகு அந்தக் குளிசையைப் போடுங்கள். சட்டைப் பையில் மூன்று தேக்கரண்டி சீனியைக் கடதாசியில் மடித்து வைத்திருங்கள். பிஸ்கட் உடனே வேலை செய்யாது. கூட நிற்கும் ஒருவருக்காவது உங்கள் வருத்தத்தைச் சொல்லி வையுங்கள். மயங்கிய ஆளின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990க்கு அடியுங்கள். சுவ செரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு வேறு. பெண்களுக்கு அதே நாளில் குழுக் கடன் கட்டுகிற நாளும் வந்து நிற்கும். தெரியாமல் பேசவில்லை. சிறுநீரக நோயாளருக்குப் பிரதேச செயலகம் வழியாகக் கொடுப்பனவு இருக்கிறது. கிட்னி போன பிறகு கிடைப்பது அது. போகாமல் பார்த்துக்கொள்ள வருகிறவருக்குப் பஸ் காசு கொடுக்கத்தான் ஆளில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கே வர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். சீனி, பிரஷர் நிதானமாக இருப்பவர்கள் ஊருக்குக் கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு மாற்றிக் கேட்கலாம். அதே மெட்போமின்தான் அங்கேயும். வாழைச்சேனையிலிருந்து பல நாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் போகுமுன் வந்து சொல்லுங்கள், பயணத்துக்கு ஏற்ற மாதிரி மருந்து தர முடியுமா என்று பார்க்கலாம். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் பத்தியம் இருந்து, வெறும் வயிற்றுச் சீனியை அழகாகக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு செய்தி: மூன்று மாதச் சீனியைக் காட்டுகிற சோதனை ஒன்று உண்டு, அதை ஏமாற்ற முடியாது.

பிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலினை மண் சட்டிக்குள் வையுங்கள். பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் மருந்து, நிழலான மூலை. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆட்கள் நோன்புக்கு ஒரு மாதம் முன்னமே வந்து நேரங்களை மாற்றிக்கொள்ளுங்கள், முதல் நோன்பன்று மயங்கி வர வேண்டாம். சேற்றில் இறங்குகிறவர்கள் பின்னேரம் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். விறைத்த காலில் நெருஞ்சி முள் ஏறியதே தெரியாது. அதே விறைத்த காலோடு உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு வெறுங்காலில் நடக்கவோ, தீ மிதிக்கவோ வேண்டாம். நேர்த்தியை வேறு விதமாகத் தீர்க்கலாம், முருகன் கோவிக்க மாட்டார். போன ஆடியில் அப்படி வந்த ஒரு காலுக்கு மருந்து கட்டுவதைப் பார்த்தேன், இரண்டு விரல் போனதோடு தப்பியது அதிர்ஷ்டம்.

அந்த மேசன் இப்போது வீட்டில். கால் வீக்கம் வற்றியிருக்கிறது, ரிப்போர்ட் முழுதாகத் திரும்பவில்லை. பாரம் தூக்குகிற வேலையை மகன் பார்க்க, இவர் நூல் பிடித்துக் கல் வைக்கிறாராம்.

அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு மட்டும் வராதீர்கள். வீட்டில் கிடக்கிற எல்லாக் குளிசைகளையும், போடாததையும், கடையில் வாங்கியதையும், யாரோ தந்த பெயரில்லாத தூளையும் ஒரு பேக்கில் போட்டுக்கொண்டு வாருங்கள். ஏச மாட்டேன். மாரி நாளென்றால் பேக்கின் வாயை மட்டும் இறுக்கிக் கட்டுங்கள்.