ஏரோபேட்டிக்ஸ் – வான்கரணம்

விமானம் தலைகீழாகப் புரள்வதும், வட்டமடிப்பதும், சுழன்றபடி இறங்குவதும்தான் ஏரோபேட்டிக்ஸ். நம் செய்தித்தாள்கள் இதை 'வான் சாகசம்' என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை.

முதலில் வேரைப் பார்ப்போம். காற்றைக் குறிக்கும் 'ஏரோ'வையும் 'அக்ரோபேட்டிக்ஸ்' என்ற சொல்லின் பின்பாதியையும் ஒட்டி, 1910-களில் உருவான சொல் இது. அக்ரோபேட் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'அக்ரோஸ்' என்றால் நுனி, உச்சி. அதோடு நடப்பதைக் குறிக்கும் சொல் சேர்ந்து 'நுனிக்காலில் நடப்பவர்' என்று ஆகிறது. நம் கழைக்கூத்தாடியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் மேல் அவர் வைக்கும் ஒவ்வோர் அடியும் பழகிய அடி. துணிச்சல் மட்டும் இருந்தால் இரண்டாவது அடியிலேயே விழுந்துவிடுவார்.

'சாகசம்' வடமொழி 'ஸாஹஸ'த்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு முன்பின் யோசிக்காத செயல், வன்செயல் என்ற பொருள்களும் உண்டு. கரணமும் வடமொழி வழி வந்ததுதான். ஆனால் குட்டிக்கரணம், தலைகீழ்க் கரணம் என்று அது நம் வாயில் ஊறிவிட்டது. 'கரணம் தப்பினால் மரணம்' என்ற பழமொழியும் கூடவே நினைவுக்கு வரும். அதனால் நான் 'வான்கரணம்' என்றே சொல்வேன்.

சொல்லில் ஏன் இவ்வளவு கறார்? சாதாரணச் சிறு விமானத்தில் கரணம் போட முயல்பவர்கள், தைரியம் இருந்தால் போதும் என்று நம்புவதால்தான். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். வழக்கமான பயன்பாட்டில் அதன் இறக்கை தாங்க வேண்டிய சுமையின் வரம்பு, விமானத்தின் எடையைப் போல 3.8 மடங்கு. எதிர்த்திசையில் 1.52 மடங்குதான். கரணத்துக்கென்றே சான்று பெறும் விமானங்களுக்கு இது 6 மடங்கும் 3 மடங்கும்.

ஆபத்து பெரும்பாலும் புரளலின் நடுவில் வருகிறது. பாதி புரண்டு தலைகீழானதும் மூக்கு கீழே சரியும். பழகாதவர் பதறி, கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம் இழுப்பார். நேராகப் பறக்கும்போது மூக்கை உயர்த்தும் அதே இழுப்பு, இப்போது விமானத்தைத் தரையை நோக்கித் திருப்பிவிடும். வேகம் நொடிக்கு நொடி ஏறி, வேகமானியின் சிவப்புக் கோட்டைத் தாண்டும். அங்கிருந்து மீள இன்னும் பலமாக இழுத்தால் இறக்கை தாங்காது, இழுக்காவிட்டால் தரை. இதற்கிடையே எஞ்சினும் நின்றுபோகலாம். இந்த விமானத்தில் எரிபொருள் இறக்கைத் தொட்டிகளிலிருந்து புவியீர்ப்பால் இறங்கி வருகிறது. தலைகீழானால் அந்த வரத்து நின்றுவிடும், எண்ணெய் பம்பும் காற்றை உறிஞ்சும்.

சரி, ஒன்றும் ஆகாமல் தரையிறங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். வரம்பு மீறிய சுமையில் ஸ்பார் என்னும் இறக்கை உத்தரம் வளைந்திருக்கலாம், ஆணிகள் தளர்ந்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாள் அதே விமானத்தில் ஏறும் மாணவருக்கு, தான் எதில் அமர்ந்திருக்கிறோம் என்றே தெரியாது.

பாப் ஹூவர் என்ற அமெரிக்க விமானி, ஷ்ரைக் கமாண்டர் என்னும் இரட்டை எஞ்சின் வணிக விமானத்தைப் புரட்டியபடியே கோப்பையில் தேநீர் ஊற்றிக் காட்டினார். இறக்கையின் சுமையை ஏறக்குறைய விமானத்தின் எடையளவிலேயே வைத்திருக்கும் கை அது. அதைப் பார்த்து 'சாதாரண விமானமே போதும்' என்று முடிவுகட்டுவது தவறு. கற்க ஆசைப்படுபவர்களுக்காகவே செஸ்னா நிறுவனம் 'ஏரோபேட்' என்ற வலுவூட்டிய விமானத்தைத் தயாரித்தது. தோளையும் பிணைக்கும் வார்கள், அவசரத்தில் கழற்றி எறியும் கதவுகள் எல்லாம் அதில் உண்டு. அதிலும்கூடத் தலைகீழாகத் தொடர்ந்து பறக்க அனுமதியில்லை.

அமெரிக்கப் பறத்தல் விதியும் துணிச்சலைப் பற்றிப் பேசுவதில்லை. சாதாரணப் பறத்தலுக்குத் தேவையில்லாமல், வேண்டுமென்றே திடீரென நிலையை மாற்றுவதும், இயல்பற்ற நிலைக்கோ முடுக்கத்துக்கோ கொண்டுபோவதும் ஏரோபேட்டிக்ஸ் என்கிறது. தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே அது கூடாது.

செஸ்னா 172-இன் விமானி அறையில், வழக்கமான பயன்பாட்டில் 'அக்ரோபேட்டிக்' செயல்களுக்கு அனுமதியில்லை என்று ஒரு பலகை சொல்கிறது. 'சாகசம் கூடாது' என்று அதைத் தமிழில் எழுதினால், இளம் விமானிக்கு அது ஒரு சவாலாகத் தோன்றலாம். 'இந்த விமானத்தில் கரணம் கூடாது' என்றே எழுதலாம்.