பிறந்த குழந்தையின் ரத்தத்தில் யாருடைய எதிர்ப்புரதம்?

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரியவர்களுக்குச் செய்யும் வழக்கமான சோதனையைச் செய்தால், அநேகமாக ‘பாசிட்டிவ்’ என்றே வரும். தொற்று இல்லாத குழந்தைக்கும் அப்படித்தான் வரும். சோதனையில் கோளாறு எதுவும் இல்லை. அது கேட்கும் கேள்வியே குழந்தைக்குப் பொருந்தாது.

வழக்கமான சோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புரதத்தைத் தேடுகிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்ததும் இந்த வழியில்தான். பெரியவரின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புரதம் அவருடைய உடல் உண்டாக்கியது. குழந்தையின் ரத்தத்தில் இருப்பதோ பெரும்பாலும் தாய் கொடுத்தனுப்பியது.

நஞ்சுக்கொடி ஐஜிஜி வகை எதிர்ப்புரதங்களைத் தேடிப் பிடித்துக் குழந்தையின் பக்கம் கடத்துகிறது. கடைசி மூன்று மாதங்களில் இந்தக் கடத்தல் உச்சத்தை எட்டும். பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தையைக் காப்பது இந்தச் சொத்துதான். பிறகு ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஆனாலும் இன்றைய சோதனைகள் மிக நுட்பமானவை என்பதால், எச்.ஐ.வி.க்கு எதிரான தாயின் எதிர்ப்புரதம் 18 மாதம் வரைகூடக் கண்ணில் படலாம்.

இந்தச் சிக்கலை, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் ஒவ்வொரு நோயிலும் ஆய்வகம் ஒவ்வொரு விதமாகக் கடக்கிறது. பாலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோயில் தாய், சேய் இருவரின் எதிர்ப்புரத அளவை ஒப்பிடுகிறார்கள். ரத்தநீரை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை சோதனை பாசிட்டிவாக இருக்கிறது என்று பார்ப்பது வி.டி.ஆர்.எல். முறை. தாயிடமிருந்து மட்டுமே வந்த எதிர்ப்புரதம் என்றால் குழந்தையின் அளவு தாயின் அளவை ஒட்டியோ அதற்குக் கீழாகவோ இருக்கும். தாய்க்கு 8 மடங்கு, குழந்தைக்கு 32 மடங்கு என்று வந்தால், அந்தக் கூடுதல் குழந்தையின் உடலே உண்டாக்கியது என்று கொள்ள வேண்டும். இதற்குத் தொப்புள்கொடி ரத்தத்தை எடுக்கக் கூடாது. தாயின் ரத்தம் கலந்து கணக்கையே குலைத்துவிடும். அளவு கூடவில்லை என்பதற்காகத் தொற்று இல்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது. கர்ப்ப காலத்திலேயே தாய்க்குச் சோதனை செய்து பென்சிலின் ஊசி போட்டுவிட்டால், மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்கும் சிகிச்சையாகிவிடும். அதனால்தான் கர்ப்பம் உறுதியானதும் செய்யும் முதல் ரத்தப் பரிசோதனையை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது.

ரூபெல்லா எனும் ஜெர்மன் தட்டம்மையில் ஐஜிஎம் வகை எதிர்ப்புரதத்தைத் தேடுகிறார்கள். அது உருவில் பெரியது, நஞ்சுக்கொடியைக் கடக்காது. குழந்தையிடம் அது இருந்தால் குழந்தையுடையதே. சைட்டோமெகலோ வைரஸுக்குச் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ வைரஸையே தேடலாம், ஆனால் பிறந்து 21 நாளுக்குள் தேட வேண்டும். அதற்குப் பிறகு கண்டால், கருவிலேயே வந்ததா, தாய்ப்பால் வழியாகப் பின்னால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

எச்.ஐ.வி.யிலும் வைரஸின் மரபுப்பொருளைத்தான் தேட வேண்டும். இந்த வைரஸ் வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து, தன் மரபுப்பொருளை அவற்றின் டி.என்.ஏ.வோடு இணைத்துவிடுகிறது. பி.சி.ஆர். முறை அந்தத் துண்டை மட்டும் கண்டுபிடித்து, சூடாக்கிக் குளிரவைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறது. 30 சுற்றில் ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டிவிடும். தாயின் எதிர்ப்புரதம் எவ்வளவு இருந்தாலும் இந்தச் சோதனையைக் குழப்பாது.

இந்தக் கருவிகள் பெருநகர ஆய்வகங்களில் இருக்கின்றன. குழந்தைகளோ எங்கெங்கோ பிறக்கிறார்கள். இந்த இடைவெளியை நிரப்புவது ஒரு வடிகட்டித் தாள் அட்டை. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று அழைக்கப்படும் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடங்களில், ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் சமயத்திலேயே குழந்தையின் குதிகால் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுகளை அட்டையின் வட்டங்களில் நிரப்புகிறார்கள். வெயில் படாமல் நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு அனுப்பினால் போதும், ஐஸ் பெட்டி தேவையில்லை. சரியாக உலராத அட்டை வீண். குழந்தையை மறுபடி வரவழைத்துக் குத்த வேண்டியிருக்கும்.

ஆறு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. பிரசவ நேரத்தில் தொற்றிய வைரஸ் பிறந்த அன்று கண்ணில் படாது. பெருகச் சில வாரங்கள் வேண்டும். அப்போது நெகட்டிவ் வந்தாலும் தாய்ப்பால் தொடரும்வரை தொற்றும் வாய்ப்பு இருப்பதால், மீண்டும் சோதித்து 18 மாதத்துக்குப் பிறகே இறுதி முடிவு சொல்லப்படுகிறது.

பாசிட்டிவ் என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பிறந்தநாளுக்கு முன்பும், பாதிப் பேர் இரண்டு வயதுக்குள்ளும் இறக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் முற்றும்வரை காத்திராமல் முதல் வாரங்களிலேயே மருந்து தொடங்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 76 சதவீதம் குறைந்தது. அப்படியிருக்க, அட்டை பயணப்பட்டு முடிவு திரும்பி வருவதற்கே வாரக்கணக்கில் ஆவதை எந்த நிர்வாகக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்றே நான் கருதுகிறேன். சிகிச்சை தரும் இடத்திலேயே சுமார் ஒன்றரை மணி நேரத்தில் விடை சொல்லும் சிறிய பி.சி.ஆர். கருவிகள் வந்துவிட்டன. பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. அந்தக் கருவி உள்ள இடத்தில், முடிவு தெரிந்த அன்றே முதல் வேளை மருந்தைத் தொடங்கிவிடலாம்.