மீனுக்கு பைபாஸ் வெட்டணும்னா அமெரிக்காவுல என்ன ரூல்?

ஆத்துக்கு குறுக்க இருக்கற அணையை சுத்தி மீன் போக ஒரு வாய்க்கால் வெட்டறாங்கன்னா நல்ல காரியம் தானே, இதுக்கு எதுக்கு சுற்றுச்சூழல் ஆய்வுன்னு தான் தோணும், எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அமெரிக்காவுல 1970 ஜனவரி 1ல இருந்து இருக்கற தேசிய சுற்றுச்சூழல் கொள்கை சட்டம் (நேப்பான்னு சொல்வாங்க) நல்ல வேலை கெட்ட வேலைன்னு பாக்கறதில்ல. மத்திய அரசு காசு போட்டோ பெர்மிட் கொடுத்தோ நடக்கற பெரிய வேலைன்னா மண்ணு, தண்ணி, உயிரினத்துக்கு என்ன ஆகும்னு முன்னாடியே எழுதணும், வேற என்னென்ன வழி இருக்குன்னும் எழுதணும், ஒண்ணுமே பண்ணாம விட்டா என்ன ஆகும்ங்கறதும் அதுல ஒண்ணா இருக்கணும்.

மொன்டானா மாநிலத்துல க்ளென்டைவ் ஊர்ப் பக்கம் யெல்லோஸ்டோன் ஆத்துல இன்டேக் அணைன்னு ஒண்ணு இருக்கு, இந்த ரூல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க அதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. பெருசா எல்லாம் கற்பனை பண்ணிக்காதீங்க, மரச்சட்டத்துக்குள்ள பாறாங்கல்லு போட்டு 100 வருஷத்துக்கு முன்னாடி கட்டின 12 அடி தடுப்பு தான் முன்னாடி இருந்துச்சு, தண்ணிய பாசன வாய்க்காலுக்கு திருப்பி விடும், சுமார் 58,000 ஏக்கர் அதை நம்பி இருக்கு. வெள்ளமும் ஐஸும் கல்லை உருட்டிட்டு போயிடும்ங்கறதால ஆத்துக்கு மேல கம்பி கட்டி அதுல கல்லைக் கொண்டு வந்து திரும்ப திரும்ப கொட்டிட்டு இருந்தாங்க.

இதுல மாட்டினது பாலிட் ஸ்டர்ஜன்ங்கற மீன், 1990ல அழியற நிலையில இருக்கற இனம்னு அறிவிச்சாங்க. அது சால்மன் மாதிரி தாவற மீன் இல்ல, அடியிலயே ஊர்ந்து போற ஜாதி, அதனால படிக்கட்டு மாதிரி மீன் ஏணி கட்டினா ஏறாது. முட்டையில இருந்து வந்த குஞ்சுக்கு நீந்தத் தெரியாது, நாள் கணக்கா தண்ணி இழுத்த பக்கம் மிதந்து போகும், கீழ மிசூரி ஆத்துல சகாகவியா நீர்த்தேக்கத்துக்குள்ள நீந்தற அளவுக்கு வளர்றதுக்கு முன்னாடியே போய் விழுந்துட்டா அடியில ஆக்ஸிஜன் இல்லாத சேறு, அங்கயே முடிஞ்சிடும். அதனால தாய் மீன் ரொம்ப மேல போய் முட்டை போட்டா தான் குஞ்சுக்கு மிதக்க தூரம் கிடைக்கும், அந்த வழியைத்தான் இந்த 12 அடி மறிச்சுது.

இதை எப்படி சரி பண்றதுன்னு நேப்பா கேக்கற மாதிரி 2016ல எழுதின ஆய்வு அறிக்கையில 6 வழி போட்டிருந்தாங்க. அணையை எடுத்துட்டு பம்ப் வெச்சு தண்ணி எடுக்கறதும் அதுல ஒண்ணு, ஆனா பம்ப் ஓட்டற செலவு யார் தலையில விழும்ங்கற கேள்வி விவசாயிகளுக்கு. கடைசியில செலக்ட் ஆனது சுமார் 3.4 கிலோமீட்டர் பைபாஸ் வாய்க்கால், கூடவே பழைய கல் தடுப்புக்கு பதிலா புது கான்கிரீட் தடுப்பு.

இப்போ பாதிப்புக்கு வருவோம். தோண்டறப்போ ஆத்துல சேறு கலங்கும், ஈர நிலம் கொஞ்சம் போகும், கிளறின மண்ணுல களை முதல்ல முளைக்கும், தூண்டில் போட வர்றவங்களுக்கு கொஞ்ச காலம் இடம் கிடைக்காது, இதெல்லாம் எந்த கட்டுமான வேலையிலயும் வர்றது தான். என்னை நிறுத்தினது வேற. அணையை சுத்தி ஏற்கனவே இயற்கையா ஒரு கிளை இருந்துச்சு, தண்ணி அதிகமா ஓடினா மட்டும் நிறையும், 2014ல சில பாலிட் ஸ்டர்ஜன் அது வழியாவே மேல ஏறியிருக்கு, அப்படி இருந்தும் புது வாய்க்கால் நிலையா நிக்கணும்னு அந்தக் கிளையோட மேல் வாயை மண் போட்டு அடைக்கற மாதிரி தான் பிளான். மீனுக்கு வழி பண்ண மீன் போன வழியை மூடணும், இந்த மாதிரி விஷயம் காகிதத்துல வெளிய வரணும்னு தான் அந்த சட்டமே.

ஆனா ஒண்ணு, இருக்கறதுலயே நல்ல வழியைத்தான் எடுக்கணும்னு நேப்பா கட்டாயப்படுத்தாது, 1989ல சுப்ரீம் கோர்ட்டே இதை தெளிவா சொல்லிடுச்சு. உண்மையை எழுதினியா, யோசிச்சியா, அவ்வளவு தான் கேக்கும். பல்லு இருக்கறது 1973ல வந்த அழியும் உயிரினங்கள் சட்டத்துக்கு, அதோட 7வது பிரிவுப்படி எந்த மத்திய துறையும் ஒரு இனத்தோட இருப்புக்கே ஆபத்து வர்ற மாதிரி வேலை செய்யக்கூடாது. சுற்றுச்சூழல் அமைப்புங்க கோர்ட்டுக்கு போய் இந்த வேலைக்கு தடை வாங்கினாங்க, 2018ல அப்பீல் கோர்ட் தடையை எடுத்துச்சு, 2019ல வேலை ஆரம்பிச்சு 2022 ஏப்ரல்ல வாய்க்கால் திறந்தாங்க.

பொதுமக்களுக்கு என்ன உரிமைன்னா, அப்போ இருந்த விதிப்படி வரைவு அறிக்கை வந்தா குறைஞ்சது 45 நாள் யார் வேணா கருத்து அனுப்பலாம், வக்கீல் வேண்டாம், அந்த ஊர்க்காரரா இருக்கணும்னு கூட இல்ல, உருப்படியான கேள்வின்னா இறுதி அறிக்கையில பதில் சொல்லியாகணும். 2025ல எல்லா துறைக்கும் பொதுவா இருந்த விதிகளை எடுத்துட்டாங்க, இப்போ அந்தந்த துறையோட நடைமுறை என்னன்னு பாத்துட்டு தான் அனுப்பணும்.

திறந்த வருஷமே சில பாலிட் ஸ்டர்ஜன் பைபாஸ்ல ஏறிடுச்சு, உடம்புல வெச்சிருந்த ரேடியோ டேக் வெச்சு கண்டுபிடிச்சாங்க. மேல சுமார் 265 கிலோமீட்டர் ஆறு இப்போ அதுக்கு திறந்து கிடக்கு, இனிமே குஞ்சு பொழைக்குதான்னு தான் பாக்கணும்.