ஒரு சாணுக்குள் டேக்கார்ட்டின் முகம்

கணிதப் புத்தகங்களிலும் தத்துவ நூல்களிலும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டேக்கார்ட்டின் பெயருக்கு அருகே அச்சாகும் முகம், பெரும்பாலும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டது. அது ஒரு நகல். நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1649-ஐ ஒட்டித் தம் கையால் தீட்டியது கோபன்ஹேகனில், டென்மார்க்கின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அது 19 சென்டிமீட்டர் உயரமும் 14 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மரப்பலகை. ஒரு சாணுக்கும் குறைவு.

படத்தின் அமைப்பு எளிமையானது. கருப்பு மேலங்கி மங்கிய பின்புலத்தோடு ஏறத்தாழக் கலந்துவிட, பக்கவாட்டில் விழும் ஒளியில் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் முகமும் மட்டுமே துலங்குகின்றன. பட்டையின் வெண்மையில் முதலில் படும் பார்வை, அங்கிருந்து கனத்த இமைகளுக்கு ஏறுகிறது.

படத்தின் உண்மையான விந்தை தூரிகைத் தீற்றுகளில்தான் இருக்கிறது. முழுப் பலகையுமே வளர்ந்த மனிதர் ஒருவரின் தலையைவிடச் சிறியது. ஆனால் படம் சிறுத்த அளவுக்குத் தூரிகையின் மயிர்கள் சிறுப்பதில்லை. ஆளுயர ஓவியத்தில் பல தீற்றுகளால் படிப்படியாகத் திரட்டப்படும் இமையை இங்கே ஓரிரு தீற்றுகளே முடித்தாக வேண்டும். அதாவது வடிவம், நிறம், ஒளியின் அளவு ஆகிய மூன்றையும் ஒரே கையசைவு தீர்மானிக்கிறது. ஹால்ஸ் இந்த நெருக்கடியை மறைக்க முயலவில்லை என்பதே என் கணிப்பு. கீழ் விளிம்பில் தொப்பியைப் பிடித்திருக்கும் கையைத் தனியே வெட்டி எடுத்துக் காட்டினால், அது கை என்று எத்தனை பேர் சொல்வார்கள் என்பது ஐயமே.

இவ்வாறு தீட்ட எண்ணெய் வண்ணத்தின் வேதியியல் துணைநிற்கிறது. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, நாள்கணக்கில் மெல்ல இறுகுகிறது. அதுவரை ஈரமான ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை இழுத்தால் இரண்டும் எல்லையில் கலந்து, கன்னத்துக்கும் நிழலுக்கும் இடையே கோடற்ற மாற்றம் பிறக்கிறது. ஈய வெள்ளை என்னும் வெண்ணிற வண்ணத்தைக் கெட்டியாகக் குழைத்துப் பூசினால், தூரிகை மயிர்களின் தடம் சிறு மேடுகளாக நின்று, அறையின் ஒளியையே பிடித்துத் திருப்பியனுப்பும்.

மீதி வேலை பார்ப்பவரின் கண்ணுக்கு உரியது. இயல்பான கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்வரை இரு புள்ளிகளைப் பிரித்தறியும். ஒரு மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், மூன்று மீட்டரில் 0.9 மில்லிமீட்டர். விலகி நிற்கும்போது நுண்ணிய தீற்றுகள் சதையாகக் கலக்கின்றன. ஆனால் இத்தனை சிறிய படத்தை விலகி நின்று யாரும் பார்ப்பதில்லை. அருகே குனிகிறோம், வண்ணக் குழம்பும் மனித முகமும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. பார்வை நகர நகர முகபாவம் மாறுவதுபோலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

லூவர் நகல் இதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அகலமானது. இடம் தாராளமாகக் கிடைத்தபோது தீற்றுகள் வழவழப்பான படிநிலைகளாகத் தேய்ந்துபோயின. ஹால்ஸின் சிறு உருவப்படங்கள் பல, செதுக்கு அச்சுக்கு, அதாவது உலோகத் தகட்டில் கோடுகளாகச் செதுக்கித் தாளில் பதிக்கும் படத்துக்கு, முன்மாதிரியாகவும் பயன்பட்டன. இந்த முகத்தையும் யோனாஸ் சாய்டர்ஹூஃப் செப்புத் தகட்டில் செதுக்கினார். செதுக்குபவரின் உளி ஒவ்வோர் எல்லையையும் கோடாகத் தீர்மானித்தாக வேண்டியிருந்தது. ஹால்ஸ் ஈரத்தில் குழைத்துவிட்ட உதட்டோரத்துக்கும் அது பொருந்தும்.